ரஸ்ஸல் பியர்ஸ்: எஸ்.பி. 1070 கொண்டுவந்த அரிசோனா செனட்டரின் சட்டமன்ற வாழ்க்கையும் ரீகாலும்

#1 கள்ளிக்காடு

ரஸ்ஸல் பியர்ஸ் என்றால் பலருக்கும் எஸ்.பி. 1070 (செனட் மசோதா 1070) மட்டும்தான் ஞாபகம் வரும். மாநிலப் போலீஸே ஒருவரின் குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும் என்று 2010-ல் உலகம் முழுக்கச் செய்தியான, அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சட்டம் அது. அதற்கு முன்னால் எட்டு வருடம் கீழவையில் அவர் என்ன செய்தார், சொந்தத் தொகுதியே அவரை எப்படிப் பாதியில் வீட்டுக்கு அனுப்பியது என்பதைக் கோர்வையாக ஓரிடத்தில் எழுதி வைக்கத்தான் இந்த இழை.

முதலில் ஆளைப் பற்றி. 1947-ல் மேசாவில் பிறந்தவர். மாநிலத் தலைநகர் ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே ஒட்டியிருக்கும் ஊர். 1878-ல் மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் உருவாக்கியது. பியர்ஸும் மோர்மன்தான். ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா கவுண்டியின் ஷெரிஃப் அலுவலகத்தில், அதாவது மாவட்டக் காவல் துறையில், 23 வருடம் வேலை பார்த்தார். 1977-ல் குவாடலூப் என்ற சிற்றூரில் பணியில் இருந்தபோது சுடப்பட்டார். மார்பில் குண்டு பாய்ந்தது, ஒரு விரலின் பகுதி போனது. 2004-ல் துணை ஷெரிஃபாக இருந்த அவர் மகனும் பணியில் சுடப்பட்டுப் பிழைத்தார். சுட்டவர் ஆவணமில்லாமல் நாட்டுக்குள் இருந்தவர். பியர்ஸ் இந்த விஷயத்தை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜோ அர்பையோ 1993-ல் ஷெரிஃப் ஆனார். அவருக்குக் கீழே பியர்ஸ் தலைமைத் துணை அதிகாரி. கைதிகளைப் பாலைவன வெயிலில் கூடாரங்களில் வைத்த 'டென்ட் சிட்டி' அதே வருடம் திறந்தது. யோசனை தன்னுடையது என்று பியர்ஸ் சொல்லிவந்தார். பிறகு மாநில மோட்டார் வாகனப் பிரிவின் இயக்குநர் ஆனார். 1999-ல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2000 தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் கீழவைக்கு வந்தார். 2009-ல் செனட், 2011 ஜனவரியில் செனட் தலைவர், அதே வருடம் நவம்பரில் ரீகால், அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே வாக்காளர்கள் திரும்பப் பெறும் தேர்தல். 2023 ஜனவரி 5-ம் தேதி 75 வயதில் காலமானார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியர்ஸின் பலம் பேச்சில் இல்லை. அரிசோனா அரசியல் சாசனத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எதை எப்போது எடுக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அதே சாசனத்தில் இருந்த இன்னொரு கருவிதான் அவரை வீழ்த்தியது.

#2 வைகைக்கரை

நல்ல இழை. ஒரு அடிப்படைக் கேள்வி. அரிசோனா சட்டமன்ற உறுப்பினருக்கு வருடச் சம்பளம் 24,000 டாலர்தான் என்று படித்தேன். அப்படிப்பட்ட பகுதிநேர அவையில், 2009 வரைக்கும் ஆளுநர் எதிர்க்கட்சிக்காரர். இத்தனைக்கும் நடுவில் ஒரு தனி உறுப்பினர் இவ்வளவு சட்டங்களை எப்படிக் கொண்டுவர முடிந்தது?

#3 கள்ளிக்காடு

சம்பளம் சரி, 24,000 டாலர்தான். அவை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மீதி புரிந்துவிடும்.

மாநிலத்தில் 30 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு கீழவை உறுப்பினர்கள். ஆக 30 பேர், 60 பேர். எல்லோருக்கும் பதவிக்காலம் இரண்டே வருடம். ஒரு அவையில் தொடர்ந்து நான்கு முறைக்கு மேல் இருக்க முடியாது. பியர்ஸ் கீழவையில் 2001 முதல் 2009 வரை சரியாக எட்டு வருடம் இருந்துவிட்டு செனட்டுக்கு மாறியது இந்த வரம்பால்தான்.

மசோதா நிறைவேற செனட்டில் 16 வாக்கு, கீழவையில் 31 வாக்கு வேண்டும். அன்றைக்கு வந்திருப்பவர்களில் பாதி என்று கணக்கு இல்லை. மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேல். பாதி உறுப்பினர்கள் வெளியே நின்றுகொண்டால் மசோதா செத்துப்போகும்.

பியர்ஸ் கையில் இருந்தது நிதி ஒதுக்கீட்டுக் குழு. முதலில் கீழவையில் அதன் தலைவர், பிறகு செனட்டிலும். ஒரு உறுப்பினரின் தொகுதிச் சாலைக்கோ கல்லூரிக்கோ பணம் வேண்டுமென்றால் அந்தக் குழுவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவரின் மசோதாவுக்கு 'வேண்டாம்' என்று சொல்வது எளிதில்லை.

இரண்டாவது கருவி இன்னும் முக்கியம். சாதாரண மசோதாவை ஆளுநர் வீட்டோ செய்யலாம், அதாவது நிராகரிக்கலாம். அன்றைய ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜேனட் நபோலிடானோ நிறையச் செய்தார். சட்டவிரோதமாக மாநிலத்தில் இருப்பதையே அத்துமீறல் குற்றமாக்கும் மசோதாவை 2006-ல் வீட்டோ செய்தவர் அவர்தான். ஆனால் இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு தீர்மானம் போட்டு, ஒரு விஷயத்தை நேராக மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பலாம். அதில் ஆளுநருக்கு வேலையே இல்லை, கையெழுத்தும் வேண்டாம். பியர்ஸ் இந்த வழியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்.

#4 சட்டப்பிரிவு

கள்ளிக்காடு சொன்ன இரண்டாவது கருவிக்கு ஒரு துணைக்கருவியும் உண்டு. 1998-ல் வந்த ப்ரொபசிஷன் 105 (வாக்கெடுப்புக்கு விடும் முன்மொழிவுக்குத்தான் ப்ரொபசிஷன் என்று பெயர்). மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தைச் சட்டமன்றம் திருத்த வேண்டுமென்றால் இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கு வேண்டும், அதுவும் அந்தச் சட்டத்தின் நோக்கத்தை வளர்ப்பதாக இருக்க வேண்டும். ரத்து செய்யவே முடியாது. மறுபடி மக்களிடம்தான் போக வேண்டும். அதனால் வாக்கெடுப்பில் ஜெயித்தது கல்லில் செதுக்கிய மாதிரி. அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினாலும் நிற்கும். நீதிமன்றம் மட்டும்தான் உடைக்க முடியும், உடைத்தும் இருக்கிறது. இரண்டு உதாரணம்:

ப்ரொபசிஷன் 200 (2004). இது குடிமக்களே கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவந்தது. முன்னின்று ஆதரித்தவர்களில் பியர்ஸ் ஒருவர். வாக்காளராகப் பதிவு செய்யக் குடியுரிமைச் சான்று, வாக்களிக்க அடையாள அட்டை, சில அரசு உதவிகளுக்குத் தகுதிச் சோதனை. சுமார் 56% ஆதரவுடன் வென்றது. சிக்கல் எங்கே வந்தது என்றால், 1993-ன் மத்திய வாக்காளர் பதிவுச் சட்டப்படி நாடு முழுக்க ஒரே பதிவுப் படிவம் உண்டு. அதில் 'நான் குடிமகன்' என்று உறுதிமொழி கொடுத்தால் போதும். அந்தப் படிவத்தோடு சேர்த்து வேறு சான்று கேட்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2013 ஜூன் 17-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று சொன்னது. தீர்ப்பை எழுதியவர் ஸ்காலியா. பழமைவாதிகள் பெரிதும் மதித்த நீதிபதி அவர் என்பதைக் கவனிக்க வேண்டும். விளைவாக இன்று அரிசோனாவில் இரண்டு வகை வாக்காளர்கள் இருக்கிறார்கள். சான்று கொடுத்தவர் எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். கொடுக்காதவர் 'மத்தியத் தேர்தல் மட்டும்' பட்டியலில் வருவார். அதிபர், காங்கிரஸ் (மத்திய நாடாளுமன்றம்) தேர்தல் தவிர மற்றதில் அவருக்கு வாக்கு இல்லை.

ப்ரொபசிஷன் 100 (2006). இது சட்டமன்றமே மக்களுக்கு அனுப்பியது, பியர்ஸின் கைவண்ணம். கடுமையான குற்றம் சாட்டப்பட்டவர் சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தவர் என்றால் ஜாமீனே கிடையாது. முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள். 2014-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிவான அமர்வு அதை ரத்து செய்தது. இந்த மனிதர் தப்பி ஓடுவாரா என்று ஒவ்வொருவராகப் பார்க்காமல் ஒரு வகுப்பு முழுவதையும் அடைத்து வைப்பது சட்டத்தின் உரிய நடைமுறைக்கு விரோதம் என்றது. நீதிபதியிடம் 'ஆளைப் பார்த்து முடிவு செய்' என்று ஒரு வரி விட்டிருந்தால் இந்த விதி தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஒரு வரியை விடாததுதான் பியர்ஸின் சட்டங்களில் நான் பார்க்கும் நிரந்தரக் குறை.

#5 சாண்ட்லர்வாசி

நீதிமன்றத்தில் நின்ற சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2007-ன் லீகல் அரிசோனா வொர்க்கர்ஸ் ஆக்ட். பியர்ஸ் கொண்டுவந்தது, கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர் நபோலிடானோ. 2008 ஜனவரி 1 முதல் அரிசோனாவில் ஆள் எடுக்கும் எல்லா முதலாளிகளும் இ-வெரிஃபை (ஒருவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று சோதிக்கும் மத்திய அரசின் இணைய அமைப்பு) பயன்படுத்த வேண்டும். இங்கே வேலைக்குச் சேரும் நம் ஆட்கள் ஒவ்வொருவரும் கடந்து வரும் வாசல் இது. ஆனால் யார் வைத்த வாசல் என்று பலருக்கும் தெரியாது.

நடைமுறை இப்படி. வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தின் முதல் பகுதியை வேலையில் சேரும் நாளுக்குள் ஊழியர் நிரப்ப வேண்டும். சேர்ந்து மூன்று வேலை நாளுக்குள் முதலாளி அசல் ஆவணங்களைப் பார்த்து இரண்டாம் பகுதியை நிரப்பி, அதே கெடுவுக்குள் இ-வெரிஃபையிலும் ஏற்ற வேண்டும். வேலை கொடுப்பதற்கு முன்னாலேயே சோதித்துப் பார்த்து ஆளை வடிகட்டக் கூடாது, அது விதிமீறல். பதிவு பொருந்தவில்லை என்று வந்தால் ஊழியரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். அவர் மறுக்க விரும்பினால் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தையோ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையையோ எட்டு மத்திய அரசு வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்ள வேண்டும். அது முடியும்வரை வேலையை விட்டு நிறுத்தவோ, சம்பளத்தைப் பிடிக்கவோ கூடாது.

தமிழர்களுக்கு இது இடிக்கும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் முழுப்பெயரும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதற்பெயர் கட்டத்தில் 'எஃப்என்யு' (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். சமூகப் பாதுகாப்பு அட்டையில் ஒரு மாதிரி, ஐ-9-ல் வேறு மாதிரி எழுதினால் கணினி பொருந்தவில்லை என்றே சொல்லும். வேலையில் சேரும் முன்பே அட்டையையும், நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94-ஐயும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

#6 சட்டப்பிரிவு

அந்தச் சட்டம் ஏன் நின்றது என்பதைச் சேர்க்கிறேன். 1986-ன் மத்தியக் குடியேற்றச் சட்டம், ஆவணமில்லாதவரை வேலைக்கு வைத்ததற்காக மாநிலங்கள் தண்டனை விதிக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கு: உரிமம் வழங்கும் சட்டங்கள் வழியாக என்றால் பரவாயில்லை. பியர்ஸ் அந்த அடைப்புக்குறிக்குள் புகுந்தார். அபராதம் போடாமல் வியாபார உரிமத்தில் கை வைத்தார். தெரிந்தே வைத்தால் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, உரிமம் பத்து வேலை நாள் வரை நிறுத்தம். வேண்டுமென்றே வைத்தால் ஐந்து வருடம், நிறுத்தம் குறைந்தது பத்து நாள். கண்காணிப்புக் காலத்தில் மறுபடி மாட்டினால் அந்தக் கிளையின் உரிமம் நிரந்தரமாகப் போகும். 2011 மே 26-ல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று இதை ஏற்றது.

நடைமுறையில் உரிமம் இழந்தவர்கள் சொற்பம். முதலாளிக்குத் 'தெரியும்' என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். இ-வெரிஃபையில் ஏற்றி 'சரி' என்று வந்திருந்தால் முதலாளிக்கு அதுவே கேடயம். இன்னொருவரின் எண்ணைக் கடன் வாங்கி வந்தவரை அந்த அமைப்பால் பிடிக்க முடியாது.

#7 தென்றல்

கள்ளிக்காடு, சட்டப்பிரிவு இருவரும் மன்னிக்க வேண்டும். கருவி, கைவண்ணம் என்று பேசும்போது ஒன்று விட்டுப்போகிறது. 2006 அக்டோபரில் பியர்ஸ் தன் ஆதரவாளர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் நேஷனல் அலையன்ஸ் என்ற வெள்ளை இனவாத அமைப்பின் கட்டுரை இருந்தது. மன்னிப்புக் கேட்டார், உண்மை. அதே காலத்தில் 1954-ல் மெக்சிகோக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிய மத்திய நடவடிக்கையை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னவர். அந்த நடவடிக்கையின் பெயரே ஒரு வசைச்சொல். இந்த மனிதர் எழுதிய சட்டத்தை, தெருவில் ஒரு போலீஸ்காரர் யாருடைய தோலைப் பார்த்து அமல்படுத்துவார் என்று அரிசோனாவின் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. பிறந்ததிலிருந்தே குடிமக்களாக இருப்பவர்களும் அதில் உண்டு.

#8 கள்ளிக்காடு

தென்றல், நீங்கள் சொன்னது இரண்டும் பதிவில் உள்ளவை, இந்த இழையில் இருக்க வேண்டியவையும்கூட. மறுக்க மாட்டேன். நான் கருவிகளைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், எஸ்.பி. 1070-ஐ எதிர்த்தவர்கள் பல வருடம் கோஷத்தில் நின்றார்கள், அவர் குழு அறையில் வேலை பார்த்தார். அவரைக் கடைசியில் தோற்கடித்தவர்கள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டவர்கள்.

2009 ஜனவரியில் நடந்ததுதான் திருப்பம். ஒபாமா நபோலிடானோவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலராக அழைத்தார். அரிசோனாவில் அன்று துணை ஆளுநர் பதவி கிடையாது. மாநிலச் செயலர்தான் அடுத்த வரிசை. அப்படி ஆளுநரானவர் குடியரசுக் கட்சியின் ஜான் ப்ரூவர். வீட்டோ தடை ஒரே நாளில் விலகியது. அதே மாதம் பியர்ஸ் செனட்டுக்குள் வந்தார்.

#9 சட்டப்பிரிவு

எஸ்.பி. 1070-ஐப் பிரிவு பிரிவாகப் பார்ப்போம். வரைவுக்கு உதவியவர் கன்சாஸைச் சேர்ந்த வழக்கறிஞர் கிரிஸ் கோபாக். 2010 ஏப்ரல் 13-ல் கீழவையில் 35-21, ஏப்ரல் 19-ல் செனட்டில் 17-11. ஏப்ரல் 23-ல் ப்ரூவர் கையெழுத்து.

ஒரே வாரத்தில் ஏப்ரல் 30-ல் திருத்தச் சட்டம் வந்தது. முதல் வடிவத்தில் போலீஸ் ஒருவரோடு 'சட்டபூர்வத் தொடர்பு' கொண்டாலே குடியேற்ற நிலையை விசாரிக்கலாம் என்றிருந்தது. புகார் கொடுக்க வந்தவர், சாட்சி சொல்ல வந்தவர் எல்லோரும் அதில் அடங்குவார்கள். திருத்தத்தில் அது 'நிறுத்தம், தடுப்பு அல்லது கைது' என்று சுருங்கியது. இனத்தை 'மட்டுமே' அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்ற இடத்தில் அந்த 'மட்டுமே' நீக்கப்பட்டது. சட்டத்தை அமல்படுத்தாத அரசு அமைப்பு மீது குடிமக்கள் வழக்குப் போட்டால் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை நாளொன்றுக்கு 1,000 டாலரிலிருந்து 500 ஆனது.

அமலுக்கு வரும் நாள் ஜூலை 29. ஏன் அந்தத் தேதி? கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் கழித்துத்தான் அரிசோனாவில் சட்டங்கள் உயிர் பெறும். எதிர்ப்பவர்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்புக் கோர அந்த அவகாசம். 2010-ல் கூட்டம் முடிந்தது ஏப்ரல் 29. அந்த அவகாசத்தில் மத்திய அரசு ஜூலை 6-ல் வழக்குத் தொடுத்தது. ஜூலை 28-ல், அதாவது அமலுக்கு முதல் நாள், நீதிபதி சூசன் போல்டன் நான்கு முக்கியப் பகுதிகளை நிறுத்தி வைத்தார். 2012 ஜூன் 25-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எழுதியவர் கென்னடி.

பிரிவு 3: குடியேறி தன் பதிவு ஆவணத்தை எடுத்துச் செல்லாவிட்டால் மாநிலக் குற்றம். ரத்து. அந்தத் துறை முழுவதையும் மத்தியச் சட்டம் நிரப்பிவிட்டது. மாநிலத்துக்கு இடமே இல்லை.

பிரிவு 5(சி): அனுமதியில்லாமல் வேலை தேடுவதும் செய்வதும் குற்றம். ரத்து. 1986-ல் காங்கிரஸ் யோசித்தே முதலாளியைத் தண்டித்தது, தொழிலாளியைக் குற்றவாளியாக்கவில்லை.

பிரிவு 6: நாடு கடத்தத் தக்க குற்றம் செய்தவர் என்று நம்பினால் வாரண்ட் இல்லாமல் கைது. ரத்து.

பிரிவு 2(பி): நிறுத்தப்பட்டவர் மீது நியாயமான சந்தேகம் இருந்தால் நிலையை விசாரிக்க வேண்டும். இது மட்டும் நின்றது. ஆனால் விசாரிப்பதற்காகவே ஒருவரை நீட்டித்துப் பிடித்து வைத்தால் சிக்கல் வரும் என்ற எச்சரிக்கையோடு.

#10 வைகைக்கரை

அப்படியென்றால் இன்று ஃபீனிக்ஸில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக ஒருவரை நிறுத்தினால், 2(பி) எப்படிச் செயல்படும்?

#11 சாண்ட்லர்வாசி

சட்டத்திலேயே ஒரு அனுமானம் எழுதியிருக்கிறது. செல்லுபடியாகும் அரிசோனா ஓட்டுநர் உரிமம், அரிசோனா அடையாள அட்டை, பழங்குடி உறுப்பினர் அட்டை, சட்டபூர்வ இருப்பைச் சோதித்துவிட்டு வழங்கப்படும் வேறு எந்த அரசு அடையாளம் காட்டினாலும் அவர் சட்டபூர்வமாக இருப்பவர் என்றே கொள்ள வேண்டும். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். 2010-ல் நியூ மெக்சிகோவும் வாஷிங்டன் மாநிலமும் இருப்பைச் சோதிக்காமலே உரிமம் கொடுத்தன. அந்த உரிமத்தோடு வந்தவருக்கு இந்த அனுமானம் கிடையாது.

இதற்குத் தொடர்பில்லாத இன்னொன்றும் உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 18 வயதுக்கு மேற்பட்ட குடியேறிகள் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம், பல பத்தாண்டுகளாக இருப்பது. பிரிவு 3 ரத்தானதால் அது போய்விடவில்லை. கிரீன் கார்டு உள்ளவர் கார்டை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு நகலோடு போவது இன்றும் விதிப்படி சரியல்ல.

2016 செப்டம்பரில் சிவில் உரிமை அமைப்புகளோடு மாநிலம் சமரசம் செய்தது. அதையொட்டி அட்டர்னி ஜெனரல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குடியேற்ற நிலையை விசாரிக்க மட்டும் ஒரு நிறுத்தத்தை நீட்டிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லப்பட்டது. சட்டப் புத்தகத்தில் 2(பி) இருக்கிறது, பல் பெரும்பாலும் பிடுங்கப்பட்டுவிட்டது.

#12 கணக்கப்பிள்ளை

குடியேற்றத்தைத் தாண்டியும் அவர் பழமைவாதிதான். 2010-ல் எஸ்.பி. 1108, அனுமதிச் சீட்டு இல்லாமலே 21 வயதானவர் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம், அதுவும் பியர்ஸ் கொண்டுவந்தது. அலாஸ்கா, வெர்மான்ட்டுக்குப் பிறகு மூன்றாவது மாநிலம். எஸ்.பி. 1070 போலவே அதுவும் ஜூலை 29-ல் அமலுக்கு வந்தது.

பட்ஜெட் பக்கம்தான் எனக்கு முக்கியம். 2008 வீட்டுச் சந்தைச் சரிவில் அரிசோனா அரசின் வருமானம் பெரிதும் குறைந்துபோனது. வரி ஏற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் (1992 வாக்கெடுப்பு). மக்கள் வாக்களித்த செலவுகளை வெட்ட முடியாது (1998 வாக்கெடுப்பு). இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில்தான் நிதிக் குழுத் தலைவர் கணக்குப் போட வேண்டும். என்ன ஆனது? 2010 ஜனவரியில் சட்டமன்றக் கட்டடங்கள் உள்பட அரசுச் சொத்துகளை அடமானம் போல விற்று, வாடகைக்கு எடுத்து 735 மில்லியன் டாலர் திரட்டினார்கள். மே மாதம் விற்பனை வரியை மூன்று வருடத்துக்கு ஒரு சென்ட் ஏற்றும் கேள்வியை மக்களுக்கே அனுப்பினார்கள், அனுப்ப சாதாரணப் பெரும்பான்மை போதும் என்பதால். பியர்ஸ் ரசித்த அதே வழி, இந்த முறை வரி ஏற்ற. மக்கள் ஒத்துக்கொண்டார்கள். (அதன் எண்ணும் 100-தான், 2006-ன் ஜாமீன் வாக்கெடுப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வெட்ட முடிந்த இடங்களில் கத்தி ஆழமாக இறங்கியது. குழந்தைகள் மருத்துவக் காப்பீட்டில் புதுச் சேர்க்கை நிறுத்தப்பட்டது. 2010 அக்டோபர் 1 முதல் ஏழைகள் காப்பீட்டில் சில வகை உறுப்பு மாற்று சிகிச்சைகளுக்குப் பணம் கிடையாது என்றானது. ஏறக்குறைய நூறு பேர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். மாநில பட்ஜெட்டில் மிகச் சிறிய தொகை அது. அதைத் தேர்ந்தெடுத்தது மன்னிக்க முடியாத தவறு என்பது என் உறுதியான எண்ணம். 2011 வசந்த காலத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் சிலர் இறந்திருந்தார்கள்.

#13 கள்ளிக்காடு

கணக்கப்பிள்ளை சொன்ன அந்த 2011-க்கு வருவோம். செனட்டில் 30-ல் 21 இடம் குடியரசுக் கட்சிக்கு. பியர்ஸ் தலைவர். மார்ச் 17-ல் ஒரே நாளில் அவர் ஆதரித்த ஐந்து குடியேற்ற மசோதாக்கள் தோற்றன. மருத்துவமனைகள் நோயாளியின் குடியேற்ற நிலையைக் கேட்க வேண்டும், பள்ளிகள் கேட்க வேண்டும், பிறப்புக் குடியுரிமைக்கு நீதிமன்றத்தில் சவால் என்று போனவை. தோற்கடித்தவர்களில் அவர் கட்சிக்காரர்களே பலர். சில நாள் முன்பு 60 நிறுவனத் தலைவர்கள் கையெழுத்திட்ட கடிதம் அவருக்குப் போயிருந்தது. எஸ்.பி. 1070-க்கு எதிர்ப்பாக மாநாடுகள் ரத்தாகி விடுதிகள் காலியாகக் கிடந்த 2010-ஐ அவர்கள் மறக்கவில்லை.

அதே நேரத்தில் மேசாவில் கையெழுத்து வேட்டை நடந்துகொண்டிருந்தது.

#14 சட்டப்பிரிவு

ரீகால் கணக்கை முழுதாகத் தருகிறேன்.

அரிசோனாவின் மாநிலப் பிறப்பிலேயே ரீகால் இருக்கிறது. நீதிபதிகளையும் திரும்பப் பெறலாம் என்று சாசன வரைவில் இருந்ததால் 1911-ல் அதிபர் டாஃப்ட் மாநில அந்தஸ்தை மறுத்தார். அந்த வரியை நீக்கினார்கள், 1912 பிப்ரவரி 14-ல் மாநிலமானது, அதே வருடம் மக்கள் வாக்களித்து அந்த வரியைத் திரும்பச் சேர்த்தார்கள்.

பிற அதிகாரிகளுக்குப் பதவியேற்று ஆறு மாதம் கழித்துத்தான் மனு. சட்டமன்ற உறுப்பினருக்கு மட்டும் விலக்கு: கூட்டத்தொடர் தொடங்கி ஐந்து நாள் போதும். பியர்ஸ் தலைவரான அதே ஜனவரியில் மனு தொடங்கியது அதனால்தான். தேவையான கையெழுத்து, அந்தப் பதவிக்குக் கடைசித் தேர்தலில் விழுந்த மொத்த வாக்குகளில் 25%. பியர்ஸுக்கு 7,756. அவகாசம் 120 நாள். மனுவில் காரணம் 200 வார்த்தைக்குள்.

மே 31-ல் 18,300-க்கு மேல் கொடுத்தார்கள். செல்லுபடியானது 10,365. பாதிக்குச் சற்று மேல்தான் தேறியது. வழக்கமாக விழுவது எங்கே என்றால், தொகுதிக்கு வெளியே குடியிருப்பவர், வாக்காளர் பதிவு இல்லாதவர், தேதி எழுதாதவர், இரண்டு முறை போட்டவர், திரட்டியவரின் உறுதிமொழி சரியாக இல்லாத தாள். 7,756 வேண்டுமென்றால் எட்டாயிரத்தோடு நின்றவர்கள் தோற்பார்கள். இவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் திரட்டியது அனுபவம். மனுத் தாள்களின் வடிவக் குறையை வைத்துப் போட்ட வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் தள்ளியது.

#15 வைகைக்கரை

ராஜினாமா செய்துவிட்டு மறுபடி நிற்கக் கூடாதா? மேசா மேற்கு குடியரசுக் கட்சிக் கோட்டை என்றுதானே சொல்வார்கள், எப்படித் தோற்றார்?

#16 கள்ளிக்காடு

ஐந்து நாளுக்குள் ராஜினாமா செய்யலாம். செய்யாவிட்டால் பெயர் தானாகவே வாக்குச் சீட்டில் ஏறும். அவர் விலகவில்லை.

தோல்விக்கு முதல் காரணம் தேர்தலின் அமைப்பு. ரீகாலில் பிரைமரி (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல்) கிடையாது. சாதாரணத் தேர்தலில் கட்சி பிரைமரியில் தீவிர ஆதரவாளர்கள்தான் வருவார்கள், அங்கே ஜெயித்தவர் நவம்பரில் தானாக வருவார். ரீகாலில் ஒரே சீட்டு, எல்லா வாக்காளர்களும் ஒன்றாக. எதிரே நின்ற ஜெர்ரி லூயிஸும் குடியரசுக் கட்சிக்காரர், பழமைவாதி, மோர்மன் சமூகத்தில் பொறுப்பு வகித்தவர், பள்ளி நிர்வாகி. ஜனநாயகக் கட்சியினர் ஆள் நிறுத்தாமல் அவருக்கே போட்டார்கள். அவர்களோடு சுயேச்சைகளும், சலித்துப்போன குடியரசுக் கட்சியினரும் சேர்ந்தார்கள். வாக்கைப் பிரிக்க மூன்றாவதாக ஒரு வேட்பாளர் கொண்டுவரப்பட்டார் என்று வழக்கு வந்து அவர் விலகிக்கொண்டார். சீட்டு ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் பெயர் மட்டும் கிடந்தது.

2011 நவம்பர் 8-ல் லூயிஸ் தெளிவான வித்தியாசத்தில் வென்றார். அரிசோனாவில் ரீகாலில் பதவி இழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் பியர்ஸ்.

#17 தென்றல்

அமைப்பு ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோர்மன்கள் மாறியதைச் சிறிதாக்கக் கூடாது. 2010 நவம்பரில் யூட்டாவில் குடும்பங்களைப் பிரிக்காத குடியேற்றக் கொள்கை கோரும் பிரகடனம் வந்தபோது திருச்சபை அதைப் பாராட்டியது. 2011 ஜூனில் தானே அறிக்கையும் விட்டது. பியர்ஸ் தன் வழி திருச்சபைக்கு உடன்பாடானது என்று சொல்லிவந்த ஊரில் அது பெரிய விஷயம். அத்தோடு 2011 மார்ச்சில் வெளியான ஃபியஸ்டா பௌல் (அரிசோனாவில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி) அறிக்கை: கால்பந்து டிக்கெட், பயணம் என்று ஏறத்தாழ 39,000 டாலர் மதிப்புக்கு அவர் பெற்றிருந்தார். வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. ஆனால் காப்பீடு வெட்டப்பட்ட வருடத்தில் அந்தத் தொகை மக்கள் மனதில் நின்றது.

#18 கள்ளிக்காடு

மறுப்பில்லை தென்றல், நல்ல சேர்ப்பு.

பிறகு நடந்தது சுருக்கமாக. அவருக்குப் பதிலாகச் செனட் தலைவரானவர் ஸ்டீவ் பியர்ஸ். தமிழில் ஒரே மாதிரி எழுதினாலும் உறவு இல்லை. 2012 ஆகஸ்ட் பிரைமரியில் ரஸ்ஸல் பியர்ஸ் மறுபடி நின்று பாப் வோர்ஸ்லி என்ற தொழிலதிபரிடம் தோற்றார். அது சொந்தக் கட்சி பிரைமரி. அங்கும் தோல்வி என்பதால் 'ரீகால் அமைப்பால் மட்டுமே போனார்' என்று என்னாலும் சொல்ல முடியாது. மாநிலக் கட்சியின் முதல் துணைத் தலைவராக இருந்தார். அரசு உதவி பெறும் பெண்களைப் பற்றி வானொலியில் சொன்ன கருத்துக்காக 2014 செப்டம்பரில் விலக வேண்டியதாயிற்று.

அவர் வழிமுறை மட்டும் நிற்கிறது. 2024 மார்ச்சில் எல்லையைச் சட்டவிரோதமாகக் கடப்பதை மாநிலக் குற்றமாக்கும் மசோதாவை ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் வீட்டோ செய்தார். ஜூனில் சட்டமன்றம் அதைத் தீர்மானமாக மாற்றி, ஆளுநரைச் சுற்றிக்கொண்டு மக்களிடம் அனுப்பியது. நவம்பரில் ப்ரொபசிஷன் 314 என்று 60%-க்கு மேல் வாக்கு வாங்கி நிறைவேறியது. ஆனால் எல்லைக் கடப்புப் பகுதி உடனே அமலுக்கு வரவில்லை. டெக்சாஸின் இதே மாதிரிச் சட்டமோ, வேறு மாநிலத்தின் ஒத்த சட்டமோ தொடர்ந்து 60 நாள் அமலில் இருந்த பிறகே உயிர் பெறும் என்று இந்த முறை வரைவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.